சகலையின் இரண்டாம் மாடி வீடு

12.6.1972
திருவள்ளூர் பஜாருக்குப் பின்னால் நகராட்சி கட்டியிருக்கும் அடுக்கு வீடுகளை இன்றும் ஒருவர்கூடக் கேட்டு வரவில்லை. எதிரும் புதிருமாக இரண்டு கட்டடம், இரண்டும் காலி. நடுத்தரச் சம்பளக்காரர்களை ஊருக்கு நடுவில் குடியேற்ற வேண்டுமாம். ஆள் பிடிக்கிற வேலை என்னுடையது. எல்லோரும் ஊர்க்கோடியில் மனை வாங்கிக் கிணறு வெட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். இராமலிங்கம் வாத்தியார் கேட்டே விட்டார். “மேல் ஊட்டுக்காரன் கக்கூஸு எங்க சாமி ரூமுக்கு மேல வருது. நீ இருப்பியா சார்?”

இருக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்ல முடியுமா?

18.6.1972
பரசுராமன் வந்தான். என் மனைவி செங்கம்மாளின் தங்கை சம்பூர்ணத்தைக் கட்டியவன், என் சகலை. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வயதில் என்னைவிடச் சின்னவன், சம்பளம் மட்டும் பெரிசு. வீடு தேடுகிறானாம். யாருமே தொடாத இரண்டாம் மாடி வீட்டை அவன் தலையில் கட்டிவிட்டேன்.

“தண்ணி மேல ஏறுமா அண்ணா?”

“ஜம்முனு ஏறும்.”

ஏறாது என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன்.

3.9.1972
பரசுராமன் வீட்டில் பால் காய்ச்சினார்கள். தண்ணீர் ஏறுகிறது! சமையலறைக்குள்ளேயே குழாய். சம்பூர்ணம் வந்தவர்களுக்கெல்லாம் அதைத் திறந்து திறந்து காட்டினாள். செங்கம்மாள் திரும்பி வந்ததும் பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு, ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவான அடிபம்பில் குடத்தோடு போய் நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

4.9.1972
இன்னும் எரிகிறது.

20.10.1972
மேலதிகாரிக்குப் புதிய யோசனை. தயங்குகிறவர்களை அழைத்துப்போய்ப் பரசுராமன் வீட்டைக் காட்ட வேண்டுமாம். இன்று மூன்று குடும்பம். அவன் வீட்டு நடுவில் நின்று, என் வாயாலேயே, “பாருங்க, காத்து எப்படிக் கொட்டுது!” கொட்டுகிறதே, என்ன செய்ய?

“காபி குடிங்க மாமா. தெனம் இப்டியே ஆள இட்டாந்துகினு இருங்க” என்று சம்பூர்ணம் சிரிக்கிறாள். நல்ல காபி. அதுவும் கசந்தது.

இராமலிங்கம் வாத்தியாரே மயங்கிவிட்டார். எங்கே சாமி படம் மாட்டலாம் என்று சுவரைத் தட்டிப் பார்க்கிறார்.

15.12.1972
இனி மூன்று வீடுதான் பாக்கி. ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு நான் மட்டும் அடிபம்புக்குப் பக்கத்தில் கிடக்கவா? ஆபீசில் கேட்டேன். எனக்கும் தரலாமாம். பரசுராமனுக்கு நேர் எதிர் வீடு. அவன் வீட்டில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறது. செங்கம்மாள் துள்ளிக் குதிப்பாள் என்று ஓடி வந்து சொன்னேன்.

“அது வாணாங்க. ஜன்னலத் தொறந்தா அவங்க ஊட்டையே பாத்துகினு இருப்பீங்க. சோறு எறங்காது உங்களுக்கு.”

“நானா? இன்னா பேசுற நீ?”

“எனக்குத் தெரியாதா? அதே கட்டடத்துல பின்னால ரயில் பக்கம் ஒண்ணு காலியாத்தானே கீது. அதக் கேளுங்க. இல்லாட்டி, இந்த ஊடே போதும்.”

சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். எத்தனை நாளாகத் தெரியும் இவளுக்கு? முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

16.12.1972
ரயில் பக்க வீட்டுக்கே எழுதிக் கொடுத்தேன்.

22.4.1973
குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. செங்கம்மாள் குழாயைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறாள். இப்படி அவள் முகம் மலர்ந்து பார்த்து வெகுநாள் ஆயிற்று. ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கப்பால் வயல். வேறு யார் வீடும் தெரியாது. அவள் சொன்னதுதான் சரி.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போகிறேன். “இப்பதான் மனுசன் நிம்மதியா கீறீங்க” என்கிறாள்.

மாடியின் முன் பக்கக் கைப்பிடிச் சுவருக்கு மேல் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பரசுராமன் வீட்டுச் சமையலறை முழுசாகத் தெரிகிறது. நேற்று அவர்களுக்கு ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறது.