நீ விழுங்காத ஒரு மிடறு

என் செல்லத் தம்பி சுதாவுக்கு,

வாசலில், வெயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே உட்கார்ந்தால் யாரோ பின்னால் நின்று வாசிப்பதுபோல் இருக்கிறது. அது நீயென்றால் பரவாயில்லை. நீதானா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நீ போன அன்று பிற்பகல் எனக்கு நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். அலுவிகாரையில், நான் வேலை செய்யும் வாசனைத் திரவியக் கடையில் கராம்பு பொதி செய்துகொண்டிருந்தேன். சோறு சாப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. திடீரென்று வாய்க்குள் ஏதோ நிறைந்தது. தேனில் ஊறிய உலர்ந்த திராட்சை. பிறகு தோடம்பழத் தோலின் ஆரஞ்சு மணம். பிறகு ஒரு மரம். கறுவாப்பட்டை இல்லை, ஈரக்கல்லில் சந்தனக்கட்டையை உரைக்கும்போது வருமே, அது. கடைசியில் மெல்லிய புகை. எல்லாம் நாக்கின் மேலேயே தேங்கி நின்றது, தொண்டைக்கு இறங்கவில்லை. பிறகு விளக்கை அணைத்ததுபோல் நின்றுவிட்டது.

பக்கத்தில் இருந்த ரிஸ்வானா மூக்கைச் சுளித்தாள். "அக்கா, என்ன குடிச்சீங்க? இருமல் பாணியா?"

"ஒண்ணும் குடிக்கலையே."

"ஒங்க வாயில சாராயம் மாதிரி மணக்குதே. அல்லாஹ்வே, எனக்குப் பயமா இருக்கு."

நான் இஞ்சி போட்ட தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். சூடு மட்டும்தான் இறங்கியது, ருசியே இல்லை. கோப்பையைக் கீழே வைப்பதற்குள் தம்புள்ளையிலிருந்து, உன் ஹோட்டலிலிருந்து போன் வந்துவிட்டது.

நெஞ்சு நின்றுபோனதாக டாக்டர் சொன்னார். செத்த வீட்டில் யார் அதைக் காதில் வாங்கினார்கள்? உன் மேலிருந்து வந்த சாராய வாசத்தைத்தான் பேசினார்கள். உன் மனைவி மலரின் அண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "பார்ல வேலை பார்த்தவன் வேற எப்படிச் சாவான்?"

மலர் தலை நிமிரவில்லை. பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள்: "முழுங்க மாட்டேன்னு புள்ள தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுனாரு மைனி. வேலைக்காக ருசி பார்ப்பேன், ஒடனே துப்பிருவேன்னாரு. எல்லாம் பொய்யா?" சட்டம் போட்டு வந்த உன் படத்தை மாட்டாமல் அலுமாரிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டாள். அன்று என் வாயில் நிறைந்த ருசியைப் பற்றி அவளிடம் எப்படிடா சொல்வேன்? சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, உன்னோடு பாரில் வேலை செய்த நிமல் வந்தான். கையில் ஒரு போத்தல். வருசா வருசம் வந்து தங்கும் ஜப்பான்காரப் பெரியவர் ஒருவர் உன்னிடம் மட்டும்தான் பேசுவார் என்பாயே, அவர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த விஸ்கி. பல பீப்பாய்களில் வருடக்கணக்காகக் கிடந்ததை ஒன்றாகக் கலந்ததாம். மீதியை உன் வீட்டாரிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு அவர் ஊர் போய்விட்டார்.

நிமல் சிங்களத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "அக்கே, பார் தொறக்க முந்தி அந்த ஐயா சுதாவுக்கு ஒரு வாய் ஊத்திக் கொடுத்தாரு. சுதா வாயில வச்சுக்கிட்டுக் கண்ணை மூடுனான். எப்பவும் அப்படித்தானே ருசி பார்ப்பான்? என்ன சொல்லப் போறான்னு நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே காத்துக்கிட்டு இருந்தோம். ரொம்ப நேரம் இருந்தோம் அக்கே. நல்லா ரசிக்கிறான்னு நெனச்சு அந்த ஐயா தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாரு."

உயிர் போனவன் முன்னால் இரண்டு பேர் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் நீ எங்கேடா இருந்தாய்? என் நாக்கிலா?

"தூக்கும்போது வாயோரமா எல்லாம் வழிஞ்சு சட்டையில கொட்டுச்சு," என்றான் நிமல். "அவன் முழுங்கவே இல்ல. துப்புற கோப்பை கையிலேயே இருந்துச்சு."

கதவுக்குப் பின்னால் நின்ற மலர் வெளியே வந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். நிமல் முதலிலிருந்து சொன்னான்.

அவன் போன பிறகு நானும் என் கதையை அவளிடம் சொன்னேன். அவள் போத்தலை என் பக்கம் நகர்த்தினாள். "அப்ப குடிச்சுப் பாருங்க மைனி. அதேதானான்னு பாருங்க."

நான் குடித்தறியாதவள். நீ லீவில் வரும்போது வெறும் கிளாஸை வைத்து விளையாட்டாகக் காட்டித் தந்தபடியே செய்தேன். கிளாஸுக்குள் மூக்கை விடாமல், வாயைக் கொஞ்சம் திறந்து முகர்ந்தேன். சில சொட்டுத் தண்ணீர் விட்டேன். தேன் நிறத்துக்குள் எண்ணெய்போல ஏதோ நெளிந்து ஓடியது. அடுப்படி முழுக்க வாசம் விரிந்தது. பிறகு வாயில் வைத்தேன்.

திராட்சை. தோடம்பழத் தோல். சந்தனம். புகை. வரிசை பிசகவில்லை.

அடுத்தது, அன்று எல்லாம் நின்றுபோன இடம். என்னால் அசைய முடியவில்லை. மலர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "கண்ணைத் தொறங்க மைனி! தொறங்கன்னு சொல்றேன்ல!" கண் மூடியிருந்ததே எனக்குத் தெரியாது.

விழுங்கினேன்.

அத்தனை வருடம் துப்பித் துப்பியே ருசி சொன்னவனுக்கு இது தெரிந்திருக்காது, கேள். சூடு நெஞ்சுவரை இறங்குகிறது. இறங்கிய பிறகு அது திரும்பி மேலே வருகிறது. வறுத்த தேங்காய்ப்பூவின் இனிப்பாக வருகிறது. அதற்குப் பின்னால் காய்ந்த மரம், ஒரு துளிக் கசப்பு. மலர் அடுப்பு மூட்டி, தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும்வரை அது போகவில்லை. நன்றாக இருந்ததுடா. உன் பொருட்டுத்தான் குடித்தேன், ஆனால் எனக்கும் பிடித்திருந்தது.

மலர் குடிக்கவில்லை. கிளாஸை மட்டும் முகர்ந்தாள். "அன்னைக்கு அவரு சட்டையில இருந்தது இதுதான்," என்றாள். பிறகு ஆணி எங்கே என்று கேட்டாள். மறுநாள் அண்ணனை வரவழைத்து, உன் படத்துக்கு நேர் எதிரே உட்கார வைத்துத்தான் சோறு போட்டாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்று கலேவெலையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். கொளுத்தும் வெயில், கையில் தண்ணீர் இல்லை. பக்கத்து சீட்டு காலி. வாய்க்குள் தண்ணீர் நிறைந்தது. பாறைக்கடியில் ஊறியதுபோல, பல் கூசும் குளிர். நீ தாகமாக இருந்தாயா? இல்லை, என் தாகம் உனக்குத் தெரிந்ததா? அங்கே உனக்குத் தண்ணீர் தருவது யார்?

மந்திரித்த நூல் கட்டிக்கொள்ளும்படி மலர் கெஞ்சுகிறாள். பயமில்லை என்று சொல்லமாட்டேன், இரவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் படுக்கிறேன். ஆனாலும் நூல் கட்ட மாட்டேன். இனிப்போ கசப்போ, நீ நாக்கில் வைப்பதை நான் விழுங்குவேன். அதன் முடிவில் என்ன வருகிறது என்று உனக்குச் சொல்வேன்.

உன் கூடப்பிறந்த அக்கா,
லதா