சித்தப்பாவுக்கு நீ தர வேண்டாம்

அன்புள்ள விஜயகுமாருக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுத உட்கார்ந்தேன். ஓசூரில் நானும் உன் அம்மாவும் நலம். ஜெர்மனியில் நீ நலம் என்பதை வழக்கம்போல உன் சித்தப்பா வெங்கடப்பன் சொல்லித் தெரிந்துகொண்டோம். அவனுக்கு உன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க அடுத்த மாதம் வருகிறாயாம், அதையும் அவன்தான் சொன்னான். போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது நீ இரண்டு தடவை போன் செய்தாய், அதில் ஒன்று அம்மாவிடம் பேச.

நாகரசம்பட்டித் தோப்பில் அவனைக் கண்ணாடிவிரியன் கடித்த அன்று நானும் அங்கே இருந்தேன். கடிபடுவதற்குச் சற்று முன்புதான், "அண்ணா, உன் பையன் நேத்து என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினான், உனக்குப் பண்ணலியா?" என்று சிரித்தான். கடித்ததும் ஊர் வைத்தியரிடம் தூக்கிப் போனார்கள். அவர் மிளகை மெல்லச் சொல்லி உறைக்குதா என்றார், "உறைக்குதுங்க" என்றான், அப்படியானால் விஷம் ஏறவில்லை என்று எல்லோரும் காபி குடித்தார்கள். விரியன் விஷத்துக்கு நாக்கு மரக்காது, அது ரத்தத்தை உறையவிடாமல் கெடுத்துச் சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்று எம்.எஸ்சி. படித்த எனக்குத் தெரியும். அவன் மனைவி மங்கம்மா என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க படிச்சவரு, ஆஸ்பத்திரிக்குப் போலாமா, சொல்லுங்க" என்றாள். வைத்தியர் சொல்றதக் கேளும்மா என்றேன். அவன் சிரிப்பு இன்னும் என் காதில் இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் காரை எடுத்தேன். கிருஷ்ணகிரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், உயிர் தங்கியது, சிறுநீர் கறுத்து நின்றுபோனது. நான்கு மாதமாக வாரம் மூன்று டயாலிசிஸ், சிறுநீரகத்தில் துளி சதையெடுத்துச் சோதித்த டாக்டர் இனித் தேறாது என்று சொல்லிவிட்டார்.

நீ வர வேண்டாம். உடன்பிறந்தவன் கொடுத்தால் அனுமதி சுலபம் என்றார்கள், பரிசோதனை செய்துகொண்டேன், என்னுடையது பொருந்துகிறது, இந்த மாதம் இருபதாம் தேதி ஆபரேஷன். அவன்மேல் இரக்கம் என்று நினைக்காதே. உன் பேச்சும் சிரிப்பும் அவனுக்குப் போயின, உன் உடம்பிலிருந்தும் ஒன்று போக நான் விடமாட்டேன். அன்று எல்லாம் தெரிந்தே நான் மங்கம்மாவுக்குச் சொன்ன பதிலை நீ அவனிடம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, டிக்கெட்டை மறக்காமல் ரத்து செய். நூறு வயது நன்றாக இரு. இதைப் படித்த பிறகும் நான் உனக்கு அப்பாதானா என்பதை நீதான் சொல்ல வேண்டும், அதனால் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.