குனிந்து நிற்கும் ஹெர்குலிஸ்

1732 மே 4
பட்டறையில் காலையிலேயே இரண்டு வார்ப்பு. காரீயம் தடங்கலில்லாமல் அச்சில் இறங்கியது. மத்தியானம் காப்பிக் கடையில் ஒரே சிரிப்பு. புதிதாக ஒரு நையாண்டிக் கவிதை அச்சாகி வந்திருக்கிறதாம், புதுப் பணக்காரர்களின் தோட்டங்களைப் பற்றி. தோட்டச் சிலை செய்து பிழைக்கிறவன் நான், படிக்காமல் இருக்க முடியுமா? ஒரு பிரதி வாங்கிவந்தேன்.

மே 5
படித்தேன். டன்னெட் அதில் இருக்கிறார். பெயர் இல்லை, 'பீப்பாய்க்காரர்' என்று மட்டும். ஆனால் தோட்ட வாசலில் ஹெர்குலிஸை நிறுத்தியிருக்கும் பியர் ஆலை முதலாளி லண்டனில் வேறு யார்? வானத்தையே தோளில் தாங்கிய தெய்வம், பீப்பாய்க்காரர் வாசலில் முதுகை வளைத்துக் கும்பிடு போடுகிறதாம். பணம் இருந்தால் தெய்வமும் குனியுமாம்.

சிரித்துவிட்டேன், சத்தமாகவே. அப்புறம் பிரதியை மடித்து வைத்துவிட்டேன். டன்னெட் என் இருபது வருடச் சிநேகிதர். அந்தச் சிலையை வார்த்தவன் நான்.

மே 7
வேறு யாரிடம் சொல்ல? இங்கே எழுதிவைக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன் அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஈயம் மெத்தென்ற உலோகம். உள்ளே இரும்புக் கம்பி கொடுக்காவிட்டால் தன் கனத்திலேயே மெல்ல மெல்லச் சாயும். மகள் கல்யாணத்துக்குள் சிலை வேண்டும் என்றார் டன்னெட். கம்பி வந்து சேரவில்லை. இந்த வேலை கைநழுவினால் பட்டறையையே மூடவேண்டியதுதான். கால்களுக்குள் ஒன்றும் வைக்காமல் வார்த்து நிறுத்திவிட்டேன். நாலாம் வருடம் முழங்கால் மடங்கியது, பிறகு இடுப்பு. டன்னெட் கேட்டபோது வெயிலுக்கு எல்லா ஈயமும் கொஞ்சம் இறங்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கப்புறம் ஒரு சிலையிலும் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

ஆக, தெய்வம் யாருக்கும் குனியவில்லை. கவிஞர் எழுதியது பொய். சரி, டன்னெட்டிடம் அந்தத் திமிர் இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்வேனா? மாட்டேன். அப்படியானால் அது பொய்யா, மெய்யா?

மே 13
டன்னெட் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றி, முழங்காலை மடக்கி, அந்தச் சிலை மாதிரியே நிற்கிறார்களாம். ஜூன் கடைசியில் நகர ஷெரீஃப் பதவிக்குத் தேர்தலில் நிற்பதாக இருந்த மனிதர், இப்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடக்கிறார். போய்ப் பார்த்தேன். கவிஞரை நாலு வார்த்தை திட்டுவார் என்று நினைத்தேன்.

"சாமியக் கொண்டுவந்து வாசல்ல காவலுக்கு நிறுத்தினேன் பாரு, எனக்கு வேணும். அந்த ஆளு என் உள்ளுக்குள்ள எட்டிப் பாத்துட்டான், ஜோனஸ்."

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் வீட்டு மாட்டிறைச்சியைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மே 16
பிரபு வீட்டுப் பையன் ஒருவன் கையில் அந்தக் கவிதையோடு வந்தான். "ஏம்ப்பா, எனக்கும் குனியிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. என் மாமனார் வர்றப்ப வாசல்ல நிக்கணும். எத்தனை நாள்ல குனியும்?" என்றான். முதலிலேயே குனிந்தபடி வார்த்துத் தருகிறேன் என்றேன். இந்த வாரத்தில் இப்படிக் கேட்டு வந்தவர்களில் இவன் மூன்றாவது.

மே 17
ஏன் ஒத்துக்கொண்டேன்?

மே 24
ஹெஸ்டரும் கவிதையைப் படித்தாள். என் மனைவி எதையும் இரண்டு தரம் படிப்பவள். "வாங்கினவரைப் போட்டுக் கிழிச்சிருக்காரு. வித்தவன் எங்கேயும் காணோமே, கவனிச்சீங்களா?" என்றாள். கவனித்தேன். இருபது நாளாக அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். என் பெயர் வராதது நிம்மதியா, வருத்தமா என்றுகூடப் பிடிபடவில்லை.

ஜூன் 1
காப்பிக் கடையில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லிவிட்டேன். சிலை குனியவில்லை, தளர்ந்துபோயிற்று, காலில் கம்பி வைக்காதது என் தப்பு என்று. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "நல்ல வாடிக்கையாளரைக் காப்பாத்தப் பாக்குறீரோ ஓய்?" என்றார் துணிக்கடைக்காரர் ஃப்ராகட்.

ஒருவரும் நம்பவில்லை. நான் வாய் வலிக்கச் சொன்னது நிற்கவில்லை. கவிஞர் எழுதிய இரண்டே அடி அசையாமல் நிற்கிறது. வார்ப்பு வேலை தெரிந்த மனிதர். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. அவர்மேல் கோபம் வரவேண்டாமா எனக்கு?

ஜூன் 3
டன்னெட் வந்தார். மூன்று வாரத்தில் முதல் முறையாக வெளியே வந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது.

"கேள்விப்பட்டேன்யா. எனக்காக இப்படியொரு பொய்யச் சொல்லி, உன் தொழில் பேரையே கெடுத்துக்கிட்டியே."

நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றேன் என்பதை எழுதவே வேண்டும். உண்மையைச் சொன்னதற்கு ஒருவர் நன்றி சொல்கிறார், அதைப் பொய் என்று நம்பி. இதற்கு மேல் என்ன சொல்லுவது? சும்மா இருந்துவிட்டால் நான் நல்லவன். கடைசிவரைக்கும் நல்லவன்.



ஜூன் 5
ரம்பத்தை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனேன். அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சிலையைக் கயிறு கட்டிப் படுக்கவைத்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே அறுத்தேன். ஈயம் சீக்கிரம் அறுபடும். துண்டு கழன்றதும் டன்னெட் குனிந்து உள்ளே கையை விட்டார். முழங்கைவரை போயிற்று. அங்கே ஒன்றுமில்லை.

"பதினோரு வருஷமா தெரியும் உனக்கு."

"தெரியும்."

"என் மூஞ்சியப் பாத்து வெயில்னு சொன்ன."

"சொன்னேன்."

வெட்டிய காலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

ஜூன் 8
அந்தக் காலைக் கொண்டுபோய்க் காப்பிக் கடை மேசைமேல் வைத்துவிட்டாராம். ஃப்ராகட் அதற்குள் கையை விட்டுப் பார்த்தாராம்.

ஜூன் 12
சிலை வாங்கியவர்கள் பட்டறைக்கு வந்து போகிறார்கள். பிரபு வீட்டுப் பையன் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டான். வருகிறவர்கள் எல்லோரும் கைத்தடியால் சிலைகளின் காலைத் தட்டி, உள்ளே கம்பி உண்டா என்று காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள். தெருவில் ஒருவன் என் முழங்காலையே தட்டிவிட்டுப் போனான். இரவில் தூங்குகிறேன். இதுவும் ஏனென்று புரியவில்லை.

ஜூன் 19
டன்னெட் வந்தார். ஷெரீஃப் தேர்தலை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாராம். அதைப் பொதுவாகச் சொன்னார், என்னிடம் என்றில்லை. பிறகு பட்டறையிலிருந்த சிலைகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், தடியால் தட்டிக்கொண்டே வந்தார். கடைசிச் சிலையையும் தட்டிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தடவை சாமி வேணாம். ஒரு நாய் போதும்."

நாய்க்கு நாலு கால். நாலுக்கும் கம்பி வெட்டி வைத்துவிட்டேன்.