அவருடைய தனிப்பட்ட விஷயம்

மார்ச் 4, செவ்வாய்

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பதில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தும் எழுத உட்காருவது அதிகப்படிதான். ஆனால் இதை அம்மாவிடம் பேச முடியாது.

வானொலி நிலையத்தின் நேயர் தொடர்புப் பிரிவில் நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளரை ஊரே ‘தேன்குரல்’ என்கிறது. நேற்று ஒரு கடை வளாகத்து வண்டி நிறுத்தத்தில், சீட்டுக் கொடுக்கும் அக்காவை அவர் இழிவாகப் பேசியதை யாரோ கைபேசியில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். “சார், இது ஆம்புலன்ஸ் நிக்கிற எடம்” என்றதுதான் அந்த அக்கா செய்த குற்றம். சீட்டைச் சுருட்டி முகத்தில் எறிகிறார். “நாலு எழுத்து படிச்சிருந்தா இங்க ஏன் நிக்கப்போற?” கத்தவில்லை. காலையில் வணக்கம் சொல்லும் அதே குரல். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அம்மாவிடம் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தாள். இத்தனை வருடமாக அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் ஊர்த்துணிகளைத் தேய்க்கிறாள். “அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லடி. ஏதோ கோவத்துல இருந்திருப்பாரு.”

அம்மா பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. அவர் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 5, புதன்

மேலாளர் பதில் கொடுத்துவிட்டார். இதைப் பற்றி எழுதும் நேயர்கள் எல்லோருக்கும் இதையே ஒட்டச் சொன்னார். “தொகுப்பாளரின் தனிப்பட்ட விஷயங்கள் குறித்து நிலையம் கருத்துக் கூறுவதில்லை.”

ஒட்டினேன். ஒரு நேயர் கேட்டார்: “அவர் பொண்ணுக்குப் பல் விழுந்ததை ஒரு வாரம் பேசினீங்களே, அது யாரோட விஷயம்?” சிரிப்பு வந்தது. அவருக்கும் அதையே ஒட்டினேன்.

கை பழகிப்போய், “உங்கள் குரல்தான் என் அப்பாவுக்கு மருந்து” என்று எழுதியிருந்தவருக்கும் ஒட்டிவிட்டேன். “பாராட்டினாலும் இதுதான் பதிலா?” என்று அவர் சண்டைக்கு வந்துவிட்டார். இன்று முழுக்க நான் மன்னிப்புக் கேட்டது அவரிடம் மட்டும்தான்.

மார்ச் 7, வெள்ளி

ஒட்டினேன்.

மார்ச் 10, திங்கள்

சோப்புக் கம்பெனி விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது. மதியத்துக்குள் ‘கருத்துக் கூறுவதில்லை’ போய், ‘இதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்’ வந்துவிட்டது. தேன்குரல் விடுப்பில் இருக்கிறார். முன்பே திட்டமிட்ட விடுப்பாம்.

பழைய நிகழ்ச்சிகளைத் தூசு தட்டிப் போடுகிறார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வானொலியில் அவர் “அடடா, என்ன மழை” என்கிறார். ஒலிப்பதிவாளர் என்னைப் பார்த்து, “என்ன பாப்பா, நனையாம வந்துட்ட?” என்றார். நேயர்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா மட்டும், “அங்க மழையாடி?” என்று போன் செய்தாள்.

மார்ச் 12, புதன்

தேன்குரல் கேட்கப்போகும் மன்னிப்பை நான் எழுத வேண்டுமாம். “நீதான் அமைதியான பொண்ணு, பணிவா எழுதுவ” என்றார் மேலாளர்.

‘ஒரு பெண்ணை நான் அவமானப்படுத்தினேன்’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டு, ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று மாற்றினார். யாராவது என்ன யாராவது? யார் என்று ஊருக்கே தெரியுமே. — மனசுக்குள்தான் கேட்டேன். வாய்விட்டுச் சொன்னது “சரிங்க சார்.”

மார்ச் 13, வியாழன்

பதிவு நடந்தது. முதல் தடவையே அவர் குரல் உடைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. நானே நம்பிவிட்டேன். நான் எழுதிய வரிகள்தானே!

முடித்ததும் தலையை நிமிர்த்திக் கேட்டார்: “அந்த ‘அம்மா’ங்கற எடத்துல இன்னும் கொஞ்சம் நிறுத்தலாமா? இன்னொரு தடவை போவோம்.”

இரண்டாவது தடவை இன்னும் நன்றாக உடைந்தது.

மார்ச் 17, திங்கள்

இப்போது அந்த அக்கா நிகழ்ச்சியில் வந்து ‘மன்னித்துவிட்டேன்’ என்று சொல்ல வேண்டுமாம். கூப்பிட்டுச் சம்மதம் வாங்கும் வேலை எனக்கு. போன் செய்தேன்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்லணும், அவ்ளோதானேம்மா? சொல்லிடறேன்” என்றார் அக்கா. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வது போன்ற குரல். பிறகு தயங்கி, “எனக்கு ஒண்ணு கேக்கணும்” என்றார்.

“சொல்லுங்கக்கா.”

“மாடியில இருக்கற உடற்பயிற்சி எடத்துக்கு அவர் இன்னமும் தினமும் வர்றாரும்மா. அவர் கார் தெரிஞ்சாலே எங்க சூப்பர்வைசர் என்னை ஜெனரேட்டர் ரூமுக்குள்ள போய் நிக்கச் சொல்றாரு. அவர் கெளம்பற வரைக்கும் வெளிய வரக்கூடாது. உள்ள ஒரே புகை. தப்பு பண்ணவ மாதிரி நிக்கறேன். அவரை வேற எடத்துல வண்டிய விடச் சொல்றீங்களா?”

சொல்கிறேன் அக்கா என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 18, செவ்வாய்

அக்கா பேசினார். “மன்னிச்சிட்டேன் சார், நல்லா இருங்க.” பின்னாலேயே புல்லாங்குழலை ஏற்றினார்கள். அம்மா வீட்டில் அழுதிருக்கிறாள்.

மேலாளரிடம் வண்டி விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். “அவர் எங்க வண்டிய நிறுத்தறாருங்கறது நம்ம நிலையத்துக்கு எதுக்கும்மா? அது அவரோட தனிப்பட்ட விஷயம்.”

மார்ச் 24, திங்கள்

தேன்குரல் திரும்பிவிட்டார். சோப்பும் திரும்பிவிட்டது. ‘எவ்வளவு பெரிய மனசு’ என்று எழுதுகிறார்கள். அவருக்குத்தான்.

மார்ச் 31, திங்கள்

அக்கா கூப்பிட்டார். “சொல்லிட்டீங்களாம்மா?”

“நாளைக்குக்கா.”

“சரிம்மா, உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.”

திட்டியிருக்கலாம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் ஒரே சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலையேடி” என்றாள். கேட்காதே என்கிறாளா, பார்த்துக் கேள் என்கிறாளா?

ஏப்ரல் 2, புதன்

நிகழ்ச்சி முடிந்து, ஒலிப்பதிவு அறைக்கு வெளியே அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இதுவரை அவரிடம் ‘ஆமா சார்’, ‘சரி சார்’ தவிர நான் வேறு எதுவும் பேசியதில்லை. போய் நின்றேன். மேலாளர் தன் அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, ஆட்டோகிராப் யாருக்கு?”

“இல்ல சார். அந்த வண்டி நிறுத்தத்து அக்கா…”

“எந்த அக்கா?”

நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை நாள் இருந்த பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

“உங்களை மன்னிச்ச அக்கா சார். நீங்க வந்தா அவங்களைப் புகை ரூமுக்குள்ள நிக்க வெக்கிறாங்க. உங்க வண்டிய இனிமே வேற எடத்துல நிறுத்திக்கங்க சார்.”