ரங்கூன் மாடியில் சும்மா இருந்த கைகள்

அக்கா,

இன்று சாயங்காலம் பூசை விளக்கில் எண்ணெய் வற்றித் திரி கருகிவிட்டது. அடுப்படி வரைக்கும் அந்த வாடை வந்தது. என் மாமியார் முற்றத்திலிருந்து சத்தம் போட்டார்கள்: "ஏளா, வெளக்குக்கு எண்ணெய் ஊத்தக்கூட இந்த வீட்டுல நாதியில்லையா?" எனக்குக் கோபம் வரவில்லை. நாலு நாளாக நடவு ஆட்களுக்கு ஆக்கிப் போட்டு இடுப்பே எனக்கு இல்லை. கையில் கரண்டியோடு நின்றபடி ரங்கூனில் உங்கள் மாடிக்குப் போய்விட்டேன்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறதாம். உங்கள் மகள் யாரோ கணக்கப்பிள்ளையைப் பிடித்துத் தமிழில் எழுத வைத்த கடிதம் போன வாரம் வந்தது. படித்தேன். அரிசிப் பானைக்குள் செருகிவிட்டு நெல் அவிக்கப் போய்விட்டேன். அம்பாசமுத்திரத்தில் இதை யாரிடம் சொல்ல? பாக்தாதிலிருந்து ரங்கூனுக்குப் பிழைக்க வந்த ஒரு யூத அம்மாள், நாங்கள் குடியிருந்த வீட்டு மாடியில் இருந்தவர், செத்துப்போனார் என்றால், "அதுக்கு நீ ஏன் மூக்கைச் சிந்துதே?" என்பார்கள். அழுவதற்கும் ஒரு உரிமை வேண்டியிருக்கிறது.

உங்கள் மாடிக்குக் கீழே நாங்கள் குடியிருந்த அந்த வருஷம் எனக்குப் பிள்ளை பிறந்து, பிறந்த அன்றே போயிற்று. அதன்பிறகு நான் கையை நிறுத்தவே இல்லை. விளக்கிய பாத்திரத்தையே விளக்கினேன், துவைத்த சேலையையே துவைத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இறங்கி வந்து உங்கள் அரைகுறைத் தமிழில், "எங்க ஹனுக்கா பண்டிகை. எட்டு நாள் விளக்கு. நீ வா" என்றீர்கள்.

"துக்கக்காரி நல்ல நாள்ல ஒருத்தர் வீட்டுப் படியேறக் கூடாது, அக்கா."

"என் புருஷன் செத்து நாலு மாசம். நானே விளக்கு ஏத்துது. நீ வந்தா என்ன?"

உங்கள் பின்னாலேயே படியேறினேன்.

மேலே உங்கள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சுவரில் பித்தளைத் தகடு, அதில் வரிசையாக எட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஐந்தாம் நாள் என்பதால் ஐந்தில் மட்டும் எண்ணெயும் திரியும். ஆண்கள் பாடி முடித்ததும் பெண்கள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தத் திரிகள் எரிகிறவரைக்கும் பெண்கள் ஒரு வேலையும் தொடக்கூடாதாம். இதென்ன கூத்து! ஜிலேபி மாதிரி ஏதோ சுட்ட சட்டி பிசுக்கோடு கிடக்கிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை சும்மா இருந்தால் பிள்ளை முகம் வந்து நிற்கும், அக்கா. அந்தப் பயம்தான்.

எழுந்து எண்ணெய்ச் செம்பை எடுத்தேன். எங்கள் பக்கம் நல்ல நாளில் விளக்கை எண்ணெய் வற்றி அணைய விடமாட்டோம் என்ற சாக்கும் இருந்தது. குறையக் குறைய ஊற்றினேன். முதலில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி வயிற்றைத் தடவ ஆரம்பித்தாள். கடைசியில் நீங்கள், "ஏம்மா, அது எரியுது, நாங்க எந்திரிக்காது. நீ ஊத்துது, ஊத்துது, எல்லாரும் பட்டினி!" என்றீர்கள். வீடே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். செம்பை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் உங்கள் மடியில் பிடித்துக்கொண்டீர்கள்.

"கை சும்மா இருக்கட்டும்."

எங்கே சிரிப்பு நின்றது, எங்கே அழுகை தொடங்கியது என்று தெரியாது. ஐந்து திரியும் அணைகிறவரைக்கும் அழுதேன். ஒருத்தரும் அழாதே என்று சொல்லவில்லை. பிறகு எல்லோருமாக எழுந்து சட்டிகளைக் கழுவினோம்.

இன்று விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை வந்து பார்த்தார்கள்.

"என்னளா, மேலுக்குச் சொகமில்லையா? கையைக் கெட்டிக்கிட்டு இருக்கே?"

"எங்க அக்கா செத்துப்போயிட்டாங்க, அத்தை."

"ஒத்தைப் பிள்ளையாப் பொறந்தவளுக்கு அக்கா ஏது?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன், பிள்ளையைப் பற்றியும். இந்த வீட்டில் அதைப்பற்றி நான் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. அத்தை கொடியிலிருந்து இரண்டு சேலைகளை உருவினார்கள்.

"சாவு கேட்டு ஒரு வாரமா முழுகாமலா சோறு பொங்குதே? எந்திரி, ஆத்துக்குப் போவோம்."

"நீங்க எதுக்கு அத்தை, இந்தக் குளிருல?"

"உனக்கு அக்கான்னா எனக்கு மக மொறைல்லா. பைய நட, படி வழுக்கும்."

கார்த்திகை மாசத்து வெள்ளம் எலும்பைத் தொட்டது. அத்தைக்குப் பல் கிட்டித்துப்போயிற்று. ஆனாலும் மூன்று முழுக்குக்கு ஒன்று குறைக்கவில்லை. உங்களுக்காக, அக்கா, தாமிரபரணியில் இரண்டு பேர் முழுகி எழுந்தோம்.