முட்டியும் அறுபது படியும்

மந்தைவெளி,
6.2.2025

அன்பு மகள் சோஃபியாவுக்கு,

போன ஞாயிறு பூசையில் அப்பாவின் மானம் போனது. முழங்காலிட்டவனால் எழ முடியவில்லை. கோயிலே உட்கார்ந்துவிட்டது, நான் மட்டும் மண்டியில். பின்பெஞ்சு நோயல், “இன்னா பக்தி மாமா! பொண்ணு சிஸ்டராவப் போறதுனாலயா?” என்றான். “பக்தி இல்லடா, முட்டி பூட்டிக்கிச்சி. தூக்கு!”

எக்ஸ்ரேயில், எலும்பு ஓரத்தில் முள் போல வளர்ந்திருக்கிறது. முப்பது வருஷம் லேத்து ஓட்டியவனாயிற்றே, “பிசிறுதானே மேடம், அரம் போட்டு ராவி விடுங்க” என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். மூட்டுக்குள் மெத்தை தேய்ந்ததால் வந்த முள்ளாம்; அதை மட்டும் ராவினால் வலி தீராதாம். முதலில் தொடைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, வலிக்கு மருந்து. பிறகு ஊசி. எதற்கும் அடங்காவிட்டால் மூட்டு மாற்று ஆபரேஷன்.

மே 31 உன் முதல் வார்த்தைப்பாடு, நீ சிஸ்டராகும் நாள். உன்னைப் பீடம் வரை கூட்டிப்போவது நான்தான்.

அப்பா,
காஸ்பர்

ஏற்காடு,
20.2.2025

அன்பு அப்பா,

நோயலை நினைத்துச் சிரித்து மதரிடம் திட்டு வாங்கினேன். ஆனால் இங்கே ரோட்டிலிருந்து ஆலயத்துக்கு அறுபது படி. கார் ஏறாது. வீம்பு வேண்டாம், அம்மா கூட்டிப்போகட்டும். நீங்கள் வராவிட்டால் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். சிஸ்டராகப் போகிறவள் பொய் எழுதக் கூடாது.

சோஃபியா

மந்தைவெளி,
18.5.2025

அன்பு சோஃபிக்கு,

அம்மா போதும் என்றாயே, எனக்குக் கோபம். கோபம் வந்தால் பஜ்ஜி தின்பவன், அதையும் நிறுத்தியாயிற்று. ஆறு கிலோ போய்விட்டது. தினமும் படுத்துக் காலைத் தூக்குகிறேன், “இன்னும் பத்து!” என்று உன் அம்மா தலைமாட்டில் நிற்கிறாள். ஏப்ரலில் ஊசியும் போட்டாயிற்று.

டாக்டரம்மா அனுமதித்ததும் ரயில் ஸ்டேஷன் படியில் ஏறிப் பழகினேன். முதல் நாள் பத்தாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீரைக்காரம்மா, “இன்னா நைனா, வண்டி பூடுச்சா?” என்றாள். “வண்டிக்கு வரலம்மா, படிக்குத்தான் வந்தேன்.” நேற்று கைப்பிடியைப் பிடித்தபடி அறுபதைத் தாண்டினேன். முள் அங்கேயேதான் இருக்கிறது, வலியும் கொஞ்சம் உண்டு. ஆபரேஷன் வேண்டுமென்றால் ஜூனுக்குப் பிறகு. முழங்காலிடக் கூடாதாம், நின்றுகொள்கிறேன்.

எல்லாரிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. இரண்டு வருஷம் முன் நீ மடத்துக்குப் பெட்டியோடு கிளம்பிய காலையில், முட்டி வலி, எழ முடியவில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு முட்டி வலிக்கவேயில்லை, சோஃபி.

அப்பா