கல்லைச் சுற்றி ஒரு வேலி

மச்சான்,

இன்று காலை அந்த வயல் வட்டைக்குப் போயிருந்தேன். கம்பி வேலியில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பெயின்ற் வாடை இன்னும் போகவில்லை. அத்துமீறி நுழைவது தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதியிருந்தது. உள்ளே நீ காப்பாற்றிய கல்தூண் நிற்கிறது. வழக்கு முடிந்த கதையைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

கிறவல் மண் அள்ள வந்த பெக்கோ இயந்திரம் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்ற அன்றுதான் வட்டைவிதானை என்னைக் கூப்பிட்டார். அந்த வயல்வெளிக்குப் பொறுப்பானவர். விதைப்புக்கு முன் தூணடியில் பொங்கிவிட்டுத்தான் எல்லாரும் வயலில் இறங்குவார்கள். நான் பத்திரிகையில் செய்தி எழுதினேன். வழக்குப் பேச ஓட்டமாவடியிலிருந்து உன்னைக் கூட்டிவந்தேன்.

"எங்கட சாமிக்காகப் பேச நீங்கதானா காக்கா கிடைச்சீங்க?" என்று விதானை சிரித்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அவர் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"பயப்படாதீங்க, சாமியக் கூண்டுல ஏத்தமாட்டன்" என்றாய்.

ஏற்றவில்லைதான். மனுவில் தூணின் பழைமையை மட்டும் எழுதினாய். பொங்கலைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று கேட்டேன். "சட்டம் வயசத்தான் கேக்குது மச்சான். ஆரு கும்பிடுறாங்க எண்டு கேக்காது. கேக்காதத நாம ஏன் சொல்லுவான்?" என்றாய். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது. வென்றோம். பெக்கோ போனது, பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்தார்கள், வேலி வந்தது.

அடுத்த விதைப்புக்குப் பானையோடு போன விதானையைக் காவலாளி திருப்பி அனுப்பினான். "மறுகா எங்கட பொங்கல் என்னாகிற காக்கா?" என்று அவர் கேட்டார். உள்ளே போக அனுமதி கேட்டு இரண்டாவது வழக்குப் போட்டாய். அது பாதியில் நிற்க, நீ கண்ணை மூடிவிட்டாய்.

போன கிழமை தீர்ப்பு வந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாசித்தது உன் முதல் மனுவைத்தான். கைவிடப்பட்ட பழஞ்சின்னம் என்று நாமே எழுதியிருந்தோம்; வழிபாடு என்ற சொல் எங்கும் இல்லை. மனு தள்ளுபடி.

தலைமுறை தலைமுறையாகத் தூணில் படிந்த எண்ணெய்க் கறுப்பையும் கழுவிவிட்டார்கள். எண்ணெய் கல்லைக் கெடுக்குமாம். உண்மையாகவும் இருக்கலாம். இம்முறையும் பொங்காமலே விதைத்திருக்கிறார்கள். "கல்லு பத்திரமா இருக்குதானே" என்றார் விதானை. அவர் குரலில் கோபம்கூட இல்லை.

நேற்றுக் கல்குடாவிலிருந்து ஒரு மீனவர் அழைத்தார். அவர்கள் கும்பிடும் பழைய கற்களை, ஹோட்டல் கட்ட வந்தவர்கள் கிளறுகிறார்களாம். "எழுதுங்க ஐயா, அரசாங்கம் எடுத்துக் காப்பாத்தட்டும்" என்றார். முன்பென்றால் அன்றே எழுதியிருப்பேன். எழுதாவிட்டால் கற்கள் போய்விடும். எழுதினால் அவரை வெளியே நிறுத்திவிட்டுக் கற்களைக் காப்பார்கள். இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.

இன்று மாலையும் அவர் அழைத்தார். நான் எடுக்கவில்லை.